ஆரணியின் பிழையான பாஸ்கள்

புத்தூர் கிழக்கில், சாவகச்சேரிக்குத் திரும்பும் வீதியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில் தியாகராசாவின் வீடு இருக்கிறது. வீட்டுக் காணி இரண்டு பரப்பு, பின்னால் தோட்டம் ஆறு பரப்பு. மாரி விட்டதும் வெங்காயம் வைப்பார்கள், அதன் பிறகு மிளகாய். கிணற்றடியில் கொஞ்சம் கதலி வாழை. மூத்தவன் செந்தூரன் கட்டாரில் வேலை செய்கிறான். கடைசிப் பிள்ளைதான் ஆரணி.

ஒன்பதாம் வகுப்பில் அவள் உதைபந்து விளையாடத் தொடங்கியது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பாடசாலை அணிக்கு ஒரு ஆள் குறைந்ததால், ஓடத் தெரிந்த பிள்ளை என்று அவளைச் சேர்த்திருந்தார்கள். மூன்று மாதம் கழித்து வலயப் போட்டியில் அணி வென்றது. வெற்றிக் கிண்ணத்தோடு பிள்ளைகள் ஆரணியைத் தோளில் தூக்கி வைத்திருக்கும் படம் பேஸ்புக்கில் வந்தது. தாய் ஞானாம்பிகை, மகள் காற்சட்டையோடு இருப்பதைக் கண்டு இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. தகப்பன் மட்டும் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீயே கோல் அடிச்சது?"

"இல்லை அப்பா."

"அப்ப ஏன் உன்னைத் தூக்கி வைச்சிருக்கினம்?"

இதை அவள் எனக்குச் சொன்னபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அப்போதும் அந்தக் கேள்விக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று தனக்குத் தெரியாது என்றாள்.

நான் வித்தியா. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்து முடித்து, அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு, என்னைப்போன்ற பல நூறு பட்டதாரிகளோடு காத்திருந்தவள். அந்தக் காலத்தில்தான் வெளிநாட்டிலுள்ள சிலர் பணம் சேர்த்து வடக்கில் பெண்களுக்கு ஒரு உதைபந்தாட்டத் தொடர் தொடங்கினார்கள். பன்னிரண்டு கழகங்கள். ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டு ஆட்டங்கள். எல்லாவற்றையும் கமராவில் பிடித்து, யார் என்ன செய்தார் என்று கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். பிள்ளைகளின் திறமை எண்ணாகத் தெரிந்தால் கொழும்பும் அதற்கு அப்பாலும் கண் திறந்து பார்க்கும் என்று நம்பினார்கள். நானும் நம்பினேன். அந்தக் கணக்கெடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

எனக்குப் பன்னிரண்டு பக்க விதிகள் அனுப்பியிருந்தார்கள். பாஸ் என்றால் என்ன, தடுப்பு என்றால் என்ன என்றெல்லாம் அதில் தெளிவாக இருந்தது. ஒரு வீராங்கனை உதைத்த பந்து அவளுடைய அணியில் ஒருத்தியின் காலுக்குப் போனால் அது சரியான பாஸ். வேறெங்கு போனாலும் பிழையான பாஸ். கோலுக்கு முந்திய கடைசிப் பாஸைக் கொடுத்தவளுக்கு ஒரு புள்ளி. அதற்கு முதல் பந்தைத் தொட்டவர்களுக்கு ஒன்றுமில்லை. நான் வீட்டில் மடிக்கணினிக்கு முன்னால் இருந்து, ஒரு ஆட்டத்தை ஒரு முழுநாள் ஓட்டி ஓட்டிப் பதிவேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பந்துக்குப் பின்னாலை ஓடுறவளவை கூட இவ்வளவு களைக்க மாட்டாளவை" என்பார்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒருவரையும் தெரியாமல், ஒருவருடைய முகத்தையும் பார்க்காமல் எண்ணினேன். ஊர், சாதி, தெரிந்தவர், தெரியாதவர் என்று தெரிவு செய்கிற நாட்டில் இப்படி எண்ணுவது ஒரு பெரிய நேர்மை என்று நினைத்தேன். இப்போதும் அதில் பாதியை நினைக்கிறேன்.

ஆரணி அந்தப் பன்னிரண்டு கழகங்களில் ஒன்றின் எட்டாம் இலக்கம். நடுக்களத்தில் நிற்பவள். பின்னாலிருந்து வருகிற பந்து முன்னால் போக வேண்டுமானால் அவளிடம் வந்துதான் போகும். முன்களத்தில் தனுசியா என்று யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைப் பிள்ளை ஒருத்தி, காற்றுப்போல ஓடுவாள். தொடர் நடந்த ஏழு மாதத்தில் தனுசியா பத்தொன்பது கோல் போட்டு அட்டவணையின் தலையில் நின்றாள். ஆரணியின் பாஸ்களில் நூற்றுக்கு ஐம்பத்துநான்குதான் சரி. பத்து ஆட்டத்துக்குமேல் ஆடிய முப்பத்தொரு நடுக்கள வீராங்கனைகளில் அவள் இருபத்தொன்பதாவது. கோலுக்கு முந்திய கடைசிப் பாஸ் என்று அவளுக்கு இருந்தது மூன்று.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் அட்டவணையைப் பேஸ்புக்கில் போடுவேன். கீழே எழுதுவார்கள். "எட்டாம் நம்பர் பந்தைத் தானம் பண்ணுது." "இவவை ஆர் ரீமிலை வைச்சிருக்கிறது?" நான் அவற்றை அழிக்கவில்லை. எண்ணுக்குக் கீழே யார் என்ன எழுதினாலும் அது என் பொறுப்பில்லை என்று இருந்தேன்.

அந்தக் கழகத்தின் பயிற்றுநர் அடைக்கலநாதன். கொழும்புத்துறையில் வள்ள எஞ்சின் திருத்துகிறவர். பின்னேரத்தில் மோட்டார்சைக்கிளில் வந்து பயிற்சி கொடுப்பார். ஒருநாள் மைதானத்தில் நான் அட்டவணையை அவரிடம் கொடுத்தேன். கையில் கிறீஸ் இருந்ததால் தாளின் ஓரத்தை மட்டும் பிடித்து வாசித்தார்.

"பிள்ளை, பந்து வாறதுக்கு முதல் அவள் ரெண்டு தரம் தலையைத் திருப்பிப் பாக்கிறவள். அதுக்கு உதிலை ஏதும் இருக்கோ?"

"இல்லை சேர். பந்தைத் தொட்டா மட்டும்தான் பதியிறது."

"ம்" என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம் வந்தது. கண்ணால் கண்டதை மட்டும் நம்புகிற பழைய ஆட்களில் ஒருவர் என்று நினைத்தேன்.

தொடரின் இரண்டாம் பாதியில் ஆரணியின் எண் ஏறத் தொடங்கியது. நாற்பத்தெட்டு, ஐம்பத்தாறு, அறுபது. ஒரு கிழமை அறுபத்தாறு. நான் அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி போட்டு, "முன்னேற்றம்" என்று எழுதினேன். நல்லது செய்ததாக எனக்குச் சந்தோசம்.

புரட்டாதியில் கொழும்புக் கழகமொன்றிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தெரிவாகும் பிள்ளைகளுக்குத் தங்குவதற்கு விடுதி, விளையாட்டு, நிறுவனமொன்றில் நிரந்தர வேலை. வெங்காயத் தோட்டத்திலிருந்தும் மீன் வாடியிலிருந்தும் வருகிற பிள்ளைக்கு அது எப்படிப்பட்ட கதவு என்று சொல்லத் தேவையில்லை. அவர்களுக்குப் பொறுப்பாக வந்தவர் கொலின்ஸ், இங்கே குருநகரில் பிறந்து இருபது வருடமாகக் கொழும்பில் இருப்பவர். எல்லாரையும் பார்க்க நேரமில்லை, ஆறு பெயரைத் தாருங்கள் என்று கேட்டார். தொடரை நடத்தியவர்கள் என் அட்டவணையிலிருந்து ஆறு பெயர் எடுத்துக் கொடுத்தார்கள். தனுசியா தெரிவானாள். ஆரணியை அவர்கள் மைதானத்துக்கே கூப்பிடவில்லை.

மார்கழியில், மழை விட்ட ஒரு மத்தியானம் தனுசியா கொழும்பிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, எனக்கு இஞ்சை சரிவருதில்லை."

"ஏன், கஸ்ரமோ?"

"ரெண்டரை மாசமா ஒரு கோல் இல்லை. ஓடுறன் அக்கா, முந்தி மாதிரித்தான் ஓடுறன். பந்து வருதில்லை. இஞ்சை எல்லாரும் நான் நிக்கிற இடத்துக்குத் தருகினம். ஆரணி நான் நிக்கப்போற இடத்துக்குத் தாறவள்." என்றாள். "கொலின்ஸ் சேரிட்டையும் சொல்லிப்போட்டன். ஊரிலை ஒருத்தி இருக்கிறாள், அவள் இல்லாமல் நான் ஒண்டுமில்லை எண்டு. அவர் உங்கடை கணக்கை எடுத்துப் பாத்திட்டு, உந்தப் பிள்ளை இருபத்தொன்பதாவதெல்லோ எண்டு கேட்டவர். நான் என்ன சொல்ல?"

அன்று நான் பழைய பதிவுகளை எடுத்து, தனுசியாவின் பத்தொன்பது கோலையும் பதினைந்து வினாடி பின்னுக்குப் போட்டுப் பார்த்தேன். பதின்மூன்றில் பந்து ஆரணியிடமிருந்துதான் புறப்பட்டிருந்தது. அந்தப் பதின்மூன்றில் ஐந்து பந்துகளை நான் பிழையான பாஸ் என்று பதிந்திருந்தேன். கோலில் முடிந்த பந்து எப்படிப் பிழையான பாஸ் ஆகும்? விதியைத் திருப்பி வாசித்தேன். விதிப்படி நான் ஒரு தவறும் செய்யவில்லை.

தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் புத்தூர் போனேன். ஆரணி தோட்டத்தில் வெங்காயப் பாத்தியில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள்போலக் குந்தியிருக்கவில்லை. வரம்பில் இருந்து, இடது காலை நீட்டி வைத்திருந்தாள். அதைக் கண்டேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

நான் யார் என்று சொன்னதும் அவளுடைய முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் மரியாதையாக எழும்பி, கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு வந்தாள். வாழை நிழலில் இரண்டுபேரும் இருந்தோம். நான் ஒரு பதிவை ஓடவிட்டேன். அவள் உதைத்த பந்து நேராக எதிரணியின் நாலாம் இலக்கத்திடம் போனது.

"இது என்ன ஆரணி?"

"உது பிழையான பாஸ் இல்லை அக்கா."

"மற்ற ரீமின்ரை காலுக்குத்தானே போகுது?"

"ஓம், போகட்டும் எண்டுதான் விட்டனான்." திரையில் விரலை வைத்தாள். "உந்தப் பிள்ளைக்கு வலக்கால் மட்டும்தான். இடப்பக்கத்தாலை பந்து வந்தா ஒருக்காத் தடுமாறுவா. தனு பக்கத்திலை நிண்டா பயந்து அவசரத்திலை அடிப்பா. ஒண்டில் பந்து வெளியிலை போகும், இல்லாட்டித் தனுவிட்டை வரும். ரெண்டும் எங்களுக்கு நல்லம். மிச்சத்தை ஓட விடுங்கோ, பாப்பம்."

மிச்சத்தை ஓடவிட்டேன். நாலாம் இலக்கத்தின் காலில் பந்து சறுக்கியது. தனுசியா எடுத்தாள். கோல்.

இன்னொன்றைப் போட்டேன், பிறகு இன்னொன்றை. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு காரணம் சொன்னாள். ஒரு பந்தைத் தூரத்துக்கு அடித்தது, காவல் நிற்கிறவளைப் பின்னுக்குத் திரும்பி ஓடவைத்துக் களைக்கப்பண்ண. ஒன்று, வெய்யிலுக்கு எதிரே நின்ற கோல் காப்பாளருக்குக் கண் கூசட்டும் என்று உயரத் தூக்கியது. எட்டாவது பதிவில் நான் கேட்டேன்.

"அப்ப எல்லாமே தெரிஞ்சு செய்ததோ?"

அவள் சிரித்துவிட்டாள். "ஐயோ, இல்லை அக்கா. உது சும்மா பிழைச்சது. கனக்கப் பிழைச்சிருக்கு."

"இதையெல்லாம் அப்பவே சொல்லியிருக்கலாமே. பேஸ்புக்கிலை எவ்வளவு எழுதினவங்கள்."

சிரிப்பு நின்றது. "படிச்ச ஆக்கள் எண்ணிப் போட்டிருக்கிறியள். நான் என்னெண்டு இல்லையெண்டுறது? எனக்கே என்னிலை சந்தேகம் வந்திட்டுது."

அன்று தொடங்கி ஒரு மாதம் வேறெதையும் செய்யவில்லை. இருபத்திரண்டு ஆட்டங்களையும் முதலிலிருந்து எண்ணினேன். பந்து யாரிடம் போனது என்பதை விட்டுவிட்டு, ஆரணி பந்தைத் தொட்ட பிறகு பதினைந்து வினாடிக்குள் அணி எங்கே போய் நின்றது என்று பதிந்தேன். ஒப்பிடுவதற்காக அதே ஆட்டங்களில் ஆடிய மற்ற நடுக்கள வீராங்கனைகளில் பத்துப்பேருக்கும் அப்படியே செய்தேன். முதல் பத்து ஆட்டங்களை எண்ணி முடித்தபோது இன்னொருதரம் கூட்டிப் பார்த்தேன். அந்தக் கணக்கில் ஆரணிக்குக் கிட்டவும் ஒருத்தியும் இல்லை. தனுசியாவின் முதல் பன்னிரண்டு கோலில் பத்து அவளிடமிருந்து வந்தது.

பதினோராவது ஆட்டத்திலிருந்து எண் விழுந்தது. மெல்ல மெல்ல அல்ல, ஒரே நாளில். மிச்சப் பன்னிரண்டு ஆட்டங்களில் அவள் ஒரு சாதாரண நடுக்கள வீராங்கனை. தனுசியாவின் கடைசி ஏழு கோலில் அவளுடைய பங்கு மூன்று. இதே பன்னிரண்டு ஆட்டங்களில்தான் என்னுடைய பழைய எண் மேலே ஏறியிருந்தது. நான் பச்சை அம்புக்குறி போட்ட கிழமைகள்.

முதலில், பேஸ்புக்கில் எழுதியவர்களுக்குப் பயந்து பக்கத்திலிருப்பவளுக்கே பந்தைக் கொடுக்கத் தொடங்கினாள் என்று நினைத்தேன். பிறகு பதினோராவது ஆட்டத்தை மெதுவாக ஓட்டினேன். முப்பத்தேழாவது நிமிடம். பந்தோடு இடப்பக்கம் திரும்புகிறாள். ஒருவரும் அவளைத் தொடவில்லை. முழங்கால் உள்ளுக்கு மடிய விழுகிறாள். எழும்புகிறாள். சப்பாத்து நூலைக் கட்டுவதுபோலக் குனிந்து, கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறாள். பிறகு கையை உயர்த்தி, ஒன்றுமில்லை என்று காட்டுகிறாள். அதன்பிறகு அந்தத் தொடர் முடியும்வரை ஒருதரமும் அவள் இடப்பக்கம் திரும்பவில்லை. நான் இதற்கு முன்னரும் அந்த ஆட்டத்தை ஒரு முழுநாள் பார்த்தவள். அந்த நிமிடத்தில் பந்து வெளியே போனதாக மட்டும் பதிந்திருந்தேன்.

அதே கிழமை கொலின்ஸ் எடுத்தார். ஒரு நடுக்கள வீராங்கனை திருமணமாகிப் போவதால் ஒரு இடம் இருக்கிறது, தனுசியா விடாமல் கரைச்சல் தருகிறாள், ஆரணியைப்பற்றிப் புதிதாக ஏதோ எண்ணுகிறீர்களாம், அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

திரும்பவும் புத்தூர் போனேன். ஞானாம்பிகை குசினிக்குள் இருந்தார். ஆரணி என்னை வேலியடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் கொலின்ஸ் கேட்டதைச் சொன்னேன். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அது அடங்க முதலே முழங்காலைப்பற்றிக் கேட்டேன்.

"மெல்லக் கதையுங்கோ, அம்மாக்குக் கேக்கும்."

"வருசமாகப் போகுது ஆரணி. டொக்ரரிட்டைக் காட்டினியோ?"

"காட்டினா விளையாடாதை எண்டுவினம். வீட்டிலை அதையே சாட்டா வைச்சு நிப்பாட்டிப் போடுவினம்." என் கையைப் பிடித்தாள். "அக்கா, முதல் பத்து மட்ச்சை மட்டும் அனுப்புங்கோ. அது போதும்."

"மிச்சத்தைக் கேட்டா?"

"கமரா பழுது எண்டுங்கோ."

"அது பொய்யெல்லோ?"

என் கையை விட்டாள். "நீங்கள் முந்திப் போட்டதெல்லாம் உண்மையோ? அப்ப போடேக்கை என்னட்டை ஒருக்காவும் கேக்கேல்லைத்தானே. இப்ப நான் கேக்கிறன். பத்து மட்ச் அக்கா. அதுவும் நான் விளையாடினதுதான்."

"யோசிச்சுச் சொல்லுறன்" என்று வந்துவிட்டேன். மூன்று நாள் யோசித்தேன். பிறகு இருபத்திரண்டு ஆட்டங்களின் கணக்கையும் கொலின்ஸுக்கு அனுப்பினேன். முழங்காலைப்பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பலதடவை என்னைக் கேட்டிருக்கிறேன். கொழும்பில் ஒரு திரும்பலில் அவளுடைய கால் முழுதாகப் போய்விடும் என்ற பயம் இருந்தது. ஆனால் அது மட்டும்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு மாதம் கண் எரிய எண்ணிய கணக்கு. பாதியை வெட்டி அனுப்ப மனம் வரவில்லை. இதில் எது பெரிது என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

அடுத்த நாளே கொலின்ஸ் எடுத்தார். "தங்கச்சி, அருமையான வேலை. ஒண்டு கேக்கிறன், பதினோராம் மட்ச்சிலை உந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?"

நான் மடிக்கணினியை மூடி வைத்தேன்.

"கணுக்காலோ, முழங்காலோ?"

"முழங்கால்."

"அதோடையோ பன்னிரண்டு மட்ச் விளையாடினது?" என்று கேட்டுவிட்டுச் சொன்னார். "கெதியாக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கோ. இடத்தை நான் வைச்சிருக்கேலாது. மேலை ஆக்கள் விடமாட்டினம். பாவம் பிள்ளை."

அடைக்கலநாதனுக்கு அவரே சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் அடைக்கலநாதன் வேலைக்குப் போகாமல், ஓட்டோ பிடித்துப் புத்தூருக்குப் போய், ஆரணியையும் தாயையும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்து வைத்திருக்கும் நார் ஒன்று கிழிந்திருந்தது. அதற்குள் இருக்கும் சவ்வும் தேய்ந்து கிழிந்திருந்தது. வெட்டித்தான் சரிசெய்ய வேண்டும், இன்னும் பிந்தியிருந்தால் நடப்பதே கஷ்டமாகியிருக்கும் என்றார் டொக்ரர். பங்குனியில் வெட்டினார்கள்.

வெட்டிய மறுநாள் மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி விடுதிக்குப் போனேன். ஆரணி என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். ஞானாம்பிகைதான் எழும்பி, என்னை வெளியே விறாந்தைக்குக் கூட்டிவந்தார்.

"கோவிக்காதேங்கோ பிள்ளை. அவ ஒருத்தரோடையும் கதைக்கிறாவில்லை."

"என்னாலைதான் அம்மா அந்த இடம் போனது."

அவர் தோடம்பழப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "அவ தோட்டத்துக்குத் தண்ணி மாறேக்கை நொண்டினதை நான் போன வருசமே கண்டனான். கிணத்தடிப் படியிலை ஒவ்வொரு காலாய் வைச்சு ஏறுவா. கண்டும் கேக்கேல்லை. கால் நோகட்டும், பந்தடியை விடட்டும் எண்டு இருந்திட்டன்." பையின் வாயை முறுக்கினார். "பெத்த தாய் நினைக்கிற நினைப்பே அது?"

நாங்கள் இரண்டுபேரும் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை அந்த விறாந்தையில் நின்றோம்.

ஆரணி அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக என்னோடு கதைக்கவில்லை. அவளைப்பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அடைக்கலநாதனும் தனுசியாவும் சொன்னதுதான். மூன்று மாதம் ஊன்றுகோலோடு நடந்தாள். பிறகு அச்சுவேலிப் பக்கம், வெளிநாட்டுக்குக் கதலிப்பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் இடத்தில் வேலைக்குப் போனாள். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. முதலில் வீங்கியது, பிறகு பழகிவிட்டது. தனுசியா கொழும்பில் நின்றுபிடித்தாள். இப்போது மைதானத்தின் பக்க விளிம்பில் விளையாடுகிறாள், கோல் அதிகமில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நேரே புத்தூருக்குத்தான் போவாள்.

நான் தொடரை நடத்துகிறவர்களுக்கு நீண்ட கடிதம் எழுதி, விதிகளில் புதிதாக ஒரு நிரல் சேர்க்கச் சம்மதிக்க வைத்தேன். பாஸ் போன இடத்தோடு, அதன் பிறகு நடந்ததையும் பதிய வேண்டும். அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. கழகங்கள் எல்லாம் தங்கள் பிள்ளைகளின் பிழையான பாஸ்கள் தெரிந்தே கொடுத்தவை என்று சண்டைக்கு வந்தன. எதிரணிக்காரியின் வலக்காலைப்பற்றிய கதைகள் பெருகின. பதினைந்து வினாடி என்ன கணக்கு, ஏன் இருபது இல்லை என்று ஒருவர் கேட்டார். அடைக்கலநாதன் கேட்டதுபோல, தலையைத் திருப்பிப் பார்ப்பதைப் பதிய இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

இந்த வருடம் ஆனி மாதம், சாவகச்சேரியில் ஒரு ஆட்டம். ஆரணியின் கழகம் ஒரு கோலால் பின்னுக்கு நின்றது. இருபது நிமிடம் இருக்க, அடைக்கலநாதன் எட்டாம் இலக்கத்தை உள்ளே விட்டார். ஆரணி மீண்டும் பயிற்சிக்கு வருகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன், விளையாட விடுவார் என்று நினைக்கவில்லை. முழங்காலில் கறுப்புப் பட்டி கட்டியிருந்தாள். உடம்பு கொஞ்சம் வைத்திருந்தது. முந்திய வேகம் இல்லை, அது இனி வராது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. இரண்டு தடவை பந்தைப் பறிகொடுத்தாள். ஒரு தடவை இடப்பக்கம் திரும்பினாள். திரும்பி, விழாமல், பந்தைத் தொடர்ந்து கொண்டுபோனாள். வேலிக்கரையில் தியாகராசா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அவர் ஒரு ஆட்டத்துக்கு வந்ததை நான் அன்றுதான் கண்டேன்.

கழகம் தோற்றது. பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கமராவை இறக்கி, பதிவு விழுந்திருக்கிறதா என்று மேசையில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆரணி வந்து எதிரே நின்றாள்.

"அக்கா, எண்பத்தோராம் நிமிசத்தை ஒருக்காப் போடுங்கோ."

ஒரு வருடமும் மூன்று மாதமும் கழித்து என்னிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அது. நான் தேடிப் போட்டேன். நடுக்களத்திலிருந்து வலப்பக்கம் நீளமாக ஒரு பாஸ். எதிரணிக்காரி இலகுவாக மறித்து எடுக்கிறாள். ஆரணி இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக் குனிந்து பார்த்தாள். திருப்பிப் போடச் சொல்லி இன்னொருதரம் பார்த்தாள். திரையின் இடப்பக்க ஓரத்தில் எங்கள் பிள்ளையொருத்தி காவல் இல்லாமல் தனியாக நின்றாள்.

"நான் அவளைக் காணேல்லை" என்றாள்.

"தூரம்தானே ஆரணி."

"இல்லை. முந்தியெண்டாக் கண்டிருப்பன். திரும்பிப் பாக்க நேரம் இருந்தது, பாக்கேல்லை." நிமிர்ந்தாள். "உது பிழையான பாஸ்தான்."

"அப்ப பிழையெண்டே போடட்டோ?"

"ஓம், போடுங்கோ."

நான் பதிந்தேன். பதியும்வரை நின்று பார்த்தாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை வேலையில்லை, வீட்டில்தான் நிற்பேன், வாறதெண்டால் வாங்கோ, அம்மா உங்களைக் கேட்டவ என்று சொல்லிவிட்டு, சப்பாத்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தகப்பன் நின்ற பக்கமாக மெதுவாக நடந்து போனாள்.